கச்சான் காலமும் கல்லூரிக் கணினிகளும்

நமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, இலக்கியத்திலோ சமயத்திலோ ஒரு பொருளையே யாம் எடுத்தாளுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியர் ஒருவர் மடிக்கணினியின் வெப்பநிலையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், இவ்விழாவை ஒட்டிப் பழைய மாணவர் பலர் கல்லூரிக்குக் கணினிகளை அன்பளிப்பாக வழங்க முன்வந்துள்ளனர் என அறிந்து மகிழ்கின்றோம். அந்நற்பணி நெடுநாட் பயன் தரவேண்டுமாயின் ஒரு செய்தியை இப்பொழுதே சொல்லியாக வேண்டும். கணினிகள் பழுதடைந்த பின்னர்ச் சொல்லுவதிற் பயனில்லை.

யாம் விஞ்ஞானம் கற்றவரல்லேம். ஆசிரியர் கலாசாலையிலே தமிழ் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்று வந்தவர். எம்மை இப்பொருளுக்கு இழுத்து வந்தது எமது சொந்த அனுபவமே. லிங்கநகரில் எமது வீட்டு விறாந்தையிலே, ஆடி மாதத்து நண்பகல் ஒன்றில், தவணைப் பரீட்சைக்குரிய வினாத்தாளைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தோம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மடிக்கணினியின் விசிறி இரைந்தது. யாம் தட்டிய எழுத்துக்கள் சற்று நேரங் கழித்தே திரையில் தோன்றின. சிறிது பொழுதில் திரை இருண்டு கணினி தானே அணைந்தது. மீண்டும் இயக்கினோம், மீண்டும் அணைந்தது.

திருத்தகம் ஒன்றுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் கணினியைத் திறந்து பாராமலே, தாய்ப்பலகை பழுதாகிவிட்டது என்றும், புதிது வாங்குவதே நலம் என்றும் கூறினார். அவர் சொன்ன தொகை எமது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்க வல்லது. மனம் சோர்ந்து திரும்பிய எம்மை, எம்மிடம் முன்னர்த் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் வழியிற் கண்டார். அன்று மாலையே சிறு திருகாணி முடுக்கியோடு வீட்டுக்கு வந்தார். "சேர், முதலிலை சூடு எவ்வளவு எண்டு பாப்பம்," என்று சொல்லி, வெப்பநிலையைக் காட்டும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவினார். வேலை எதுவும் செய்யாதிருக்கும்போதே 70 பாகை. ஒரு காணொளியை ஓடவிட்டதும் 99 பாகை. (இக்கட்டுரையிற் பாகை எனப்படுவன யாவும் செல்சியஸ் பாகைகளே.) பின்பு அடிமூடியைக் கழற்றினார். விசிறிக்கும் அதனை அடுத்துள்ள செப்புத் தகடுகளுக்கும் இடையே தூசு கம்பளித் துணிபோலப் படிந்து கிடந்தது. தூசியை அகற்றி, காய்ந்து வெடித்திருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதுப் பசை இட்டு மூடினார். அதே காணொளி, அதே விறாந்தை. இப்பொழுது 76 பாகை. செலவானது ஒரு சிறு குழாய்ப் பசையின் விலையே. அக்கணினியிலேதான் இக்கட்டுரையையும் எழுதுகின்றோம்.

கணினியின் உள்ளே வெப்பம் ஏன் உண்டாகின்றது? மாணவர் வழக்கிற் 'புரொசெசர்' எனப்படும் முறைவழியாக்கி, மின்னால் இயங்கும் எண்ணற்ற நுண்ணிய ஆளிகளின் கூட்டம். திரான்சிற்றர்கள் என்னும் இவ்வாளிகள் திறந்து மூடுந்தோறும் சிறிது மின்சத்து வெப்பமாக மாறுகின்றது. முறைவழியாக்கி உண்ணும் மின்சத்து முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறும். 1971 ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்முறைவழியாக்கியில் இருந்தவை ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள். இன்று விரல் நகமளவான ஒரு சில்லில் அவை பலநூறு கோடியாகப் பெருகியுள்ளன. ஆளிகள் சிறுக்குமளவுக்கு அவை உண்ணும் மின்சத்தும் குறையும் என்னும் விதியை ஐபிஎம் நிறுவனத்து அறிஞர் றொபேட் டெனாட் முதலியோர் 1974 இல் வகுத்துக் காட்டினர். முப்பது ஆண்டளவு அவ்விதி தொழிலை நடத்திச் சென்றது. பின்னர் மின் கசிவு மிகுந்து விதி தளர்ந்தது. 2004 ஆம் ஆண்டு மே மாதத்தில் 'தேஜாஸ்' என்னும் தனது புதிய முறைவழியாக்கித் திட்டத்தை இன்டெல் கைவிட்டமைக்கு வெப்பமே தலையாய காரணமாயிற்று. வேகத்தை மேன்மேலும் கூட்டுவதை விடுத்து, ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு எனக் கருக்களைப் பெருக்கும் வழி அதன் பின்னரே வலுப்பெற்றது. ஆகவே வெப்பம் என்பது மலிவான கணினியின் குற்றம் அன்று. உலகின் பெரிய நிறுவனங்களையே வழிமாறச் செய்த இயற்கையின் எல்லை அது.

மடிக்கணினிகளின் முறைவழியாக்கிகள் பலவும் 15 முதல் 45 வாற்று வரையான வலுவுக்கு அமைக்கப்பட்டவை. வானொலி திருத்துவோர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சிறிய சூட்டுக்கோலின் வலு 25 அல்லது 30 வாற்றே. அத்துணை வெப்பம், மடியில் வைக்கும் ஒரு மெல்லிய பெட்டிக்குள் நாள் முழுதும் ஊறிக்கொண்டிருக்கின்றது என எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதனை வெளியேற்றும் ஏற்பாடும் வியக்கத்தக்கதே. சில்லின் மேல் வெப்பப் பசை. பசையின் மேற் செப்புத் தகடு. தகட்டிலிருந்து நீளும் செப்புக் குழாய். அடைத்த அக்குழாயினுள் மிகச் சிறிதளவு நீர் உண்டு. சூடான முனையில் நீர் ஆவியாகிக் குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மீண்டும் நீராகித் தான் கொண்டுவந்த வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரும்புகின்றது. அடுப்பிலிருக்கும் பானையின் மூடியிலே ஆவி துளித்து வடிவதை நாள்தோறும் காணும் நம் இல்லத்தரசியருக்கு இது புதுமையன்று. குளிர்ந்த முனையிலுள்ள மெல்லிய தகடுகளினூடே விசிறி காற்றைச் செலுத்துகின்றது. இத்தொடரில் ஒரு கண்ணி அடைபட்டாலும் மற்றவை அனைத்தும் வீணே.

இனி, நமது ஊரின் இயல்பை நோக்குவோம். தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது நெருக்குண்டு சூடேறி வறண்டு வருகின்றது. அதுவே நாம் கச்சான் என்று வழங்கும் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை திருக்கோணமலையில் நண்பகல் வெப்பநிலை 34, 35 பாகையைத் தொடுவது வழக்கம். முறைவழியாக்கி தன்னைச் சூழ்ந்த காற்றினும் 50 பாகை மேலேறுகின்றது என வைத்துக்கொள்வோம். 24 பாகையுள்ள குளிரூட்டிய அறையில் அது 74 பாகை. நமது விறாந்தையில் 84 பாகை. கணினி ஒன்றே, வேலையும் ஒன்றே, வேறுபட்டது ஊரே. இலண்டனிலும் தொறன்ரோவிலும் குளிர்ந்த அறைகளில் நன்கு இயங்கிய கணினியை அன்பளிப்பாக அனுப்பும் நம் பழைய மாணவர், அது இங்கே சில மாதங்களில் தளர்ந்துபோயிற்று எனக் கேட்டு வருந்துவர். அவர்கள் அனுப்பிய பொருளில் குறையில்லை. அதற்குக் கச்சானைத் தாங்கும் ஏற்பாட்டை நாம் செய்யவில்லை. துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றும் ஈரத்தை ஈர்த்துத் தூசியை இறுக்கமாகப் படியச் செய்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

எத்துணை வெப்பம் தகும், எத்துணை தகாது என்பதை யாவரும் அறிந்திருத்தல் நன்று. இன்டெல் மடிக்கணினிச் சில்லுகள் பலவற்றுக்கு 100 பாகையும், ஏஎம்டி சில்லுகள் பலவற்றுக்கு 95 பாகையும் மேல்வரம்பாக விதிக்கப்பட்டுள்ளன. வரம்பை அணுகியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. அதற்கும் அடங்காது வெப்பம் ஏறுமாயின் கணினி தன்னைத் தானே அணைத்துக்கொள்கின்றது. இவ்விரண்டும் தற்காப்பு, பழுது அல்ல. கணினி மந்தமாகிவிட்டது, பழையதாகிவிட்டது என்று நாம் தள்ளிவைப்பவற்றுட் பல, வெப்பத்தால் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டவையே. எமது அனுபவத்தில், நமது ஊர் வெயிலில் வாளாவிருக்கும்போது 45 முதல் 55 பாகையும், உழைக்கும்போது 70 முதல் 85 பாகையும் காட்டும் கணினியைப் பற்றிக் கவலை வேண்டா. ஒரு கணம் 90 ஐத் தாண்டினும் அஞ்சவேண்டுவதில்லை. எளிய வேலைக்கே 90 க்கு மேல் ஏறி அங்கேயே நிற்குமாயின் அன்றே கவனித்தல் வேண்டும்.

கையாற் தொட்டுப் பார்த்து இதனை அறியலாகாதா எனச் சிலர் வினவுவர். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீராடாதவர் நம்மில் யார்? ஏழின் வெப்பமும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் என்பதை வாளிக்கு வாளி உணர்கின்றோம். ஆயினும் எது மூன்றாவது, எது நான்காவது என்று கை சொல்லுமா? முதலில் தொட்டது சுட்டதாயின் அடுத்தது குளிர்ந்ததாகத் தோன்றும். வெப்பமானியே உண்மையைச் சொல்லும். அவ்வாறே, மடிக்கணினியின் புறத்தே கைபொறுக்குஞ் சூடு இருக்கையில் உள்ளே சில்லு 95 பாகையில் இருத்தல் கூடும். சில்லினுள்ளேயே வெப்ப உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை சொல்லுவதைப் படித்துக் காட்ட 'கோர் டெம்ப்', 'எச்டபிள்யூ இன்ஃபோ' முதலிய மென்பொருள்கள் உண்டு. 'லிப்ரே ஹாட்வெயர் மொனிற்றர்' என்பது மூல நிரல் யாவர்க்கும் திறந்தது. பாடசாலையும் விலையின்றிப் பயன்படுத்தலாம். லினக்ஸ் இயங்கும் கணினிகளுக்கு 'எல்எம் சென்சர்ஸ்' உண்டு.

எண்ணைப் பார்த்தல் மட்டும் போதாது. எழுதி வைத்தலும் வேண்டும். நம் பழைய மாணவருட் கப்பலில் இயந்திரப் பொறியியலாளராய்ப் பணிபுரிந்தோர் பலர். இயந்திர அறையிலே ஒவ்வொரு காவல்முறையிலும் எண்ணெயின் வெப்பநிலை, குளிர்நீரின் வெப்பநிலை எனப் பதிவேட்டில் எழுதி ஒப்பமிடும் ஒழுங்கை அவர்கள் நன்கறிவர். இயந்திரம் நின்ற பின்னரன்று, நேற்றைய எண்ணினும் இன்றைய எண் ஏன் கூடிற்று என்று கேட்கும்போதே நல்ல பொறியியலாளரின் வேலை தொடங்குகின்றது. கணினி அறைக்கும் அதுவே வழி.

வெப்பத்தை அடக்கும் முறைகள் எளியவை. மடிக்கணினியைக் கட்டிலிலோ தலையணையிலோ வைத்தலாகாது. அடியிலுள்ள காற்றுவாய் அடைபடும். மேசையில் வைத்து, பின்புறத்தின் கீழ் இரு மரத்துண்டுகளைக் கொடுத்துச் சற்று உயர்த்தினால் காற்று எளிதில் உட்செல்லும். ஆண்டுக்கு ஒரு தடவையேனும் தூசு அகற்றல் வேண்டும். காற்றூதி கொண்டு ஊதும்போது விசிறியின் அலகை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்தல் வேண்டும். அது தாறுமாறாகச் சுழன்றாற் கெடும். பின்னணியில் எந்த வேலை முறைவழியாக்கியை வருத்துகின்றது எனப் பார்த்து, வேண்டாததை நிறுத்தல் வேண்டும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில், மின்வலு அமைப்புக்களிலே முறைவழியாக்கியின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால், அவ்வப்போது மிகை வேகத்துக்குத் தாவும் இயல்பு அடங்கும். கட்டுரை எழுதுவோருக்கு வேகக் குறைவு தெரியாது. வெப்பக் குறைவு தெரியும். லிதியம் மின்கலமும் வெப்பத்தால் விரைந்து மூப்படையும். ஆதலின் வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள்ளே கணினியை விட்டுச் செல்லுதல் தீது. 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்தல் நன்று. பனிக்கட்டிப் பையைக் கணினியின் அடியில் வைத்த மாணவர் ஒருவரையும் யாம் கண்டோம். அவர்தம் ஊக்கத்தை மெச்சினும் செயலை மெச்சுதற்கில்லை. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராய்த் துளித்து உள்ளே இறங்கும்.

இவையெல்லாம் தொழில்நுட்பவியலாளர் பார்க்கவேண்டியன. தமிழாசிரியருக்கு இங்கு என்ன வேலை என்பது ஒரு தடை. கணினி தரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் படியாமலே மூடிவிடுகின்றனர். 'சூடு' என்பது உடல் உணர்வது. 'வெப்பநிலை' என்பது கருவி அளப்பது. இவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது எமது தொழிலின் ஒரு கூறேயாம். தாய்மொழியில் விளங்காத ஒன்றைப் பேணும் பழக்கம் எவர்க்கும் வருவதில்லை.

கணினி அறைக்குக் குளிரூட்டி பூட்டினாற் போதாதா என்பது மற்றொரு தடை. பூட்டலாம், யாம் எதிர்க்கவில்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. மின்சாரப் பட்டியலை மாதந்தோறும் செலுத்தவல்ல பாடசாலைகள் எத்தனை? அன்றியும், தூசு அடைத்த கணினி குளிர்ந்த அறையிலும் காயும். குளிரூட்டி துப்புரவுக்குத் துணையாகலாம், துப்புரவுக்கு ஈடாகாது.

இது வெறும் இயந்திரப் பராமரிப்பன்று என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம். எமது மாணவன் ஒருவன், தந்தையார் கடற்றொழிலாளி. 2022 இல் சில மாதங்களுள் ஒரு டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய காலத்திலே, இறக்குமதிப் பொருள் அனைத்தும் எட்டாக் கனியாகிய வேளையிலே, அக்குடும்பம் கடன்பட்டு அவனுக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தது. வீட்டில் மேசை இல்லை. கட்டிலில் விரிப்பின் மேல் வைத்தே படித்தான். கச்சான் காலத்தில் அது அடிக்கடி அணைந்தது. ஈற்றில் இயங்காது நின்றது. உயர்தரப் பரீட்சைக்கு அப்பொழுது ஐந்து மாதமே இருந்தது. தான் ஏதோ பிழை செய்து கெடுத்துவிட்டதாகத் தந்தையார் எண்ணுவாரே என்று அஞ்சிப் பல நாள் வீட்டாருக்கும் சொல்லவில்லை, எமக்கும் சொல்லவில்லை. யாம் அறிந்தபொழுது காலம் கடந்துவிட்டது. இரண்டு மரத்துண்டுகளும் ஆண்டுக்கொரு துப்புரவும் அக்கணினியைக் காத்திருக்கக்கூடும். அவற்றை அவனுக்குச் சொல்ல வேண்டியவர் ஆசிரியராகிய யாமே. அன்று எமக்கும் தெரியாது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்நினைவே.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கும், ஆசிரியர்க்கும், மாணவர்க்கும் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, கணினி வழங்குவோர் அதன் விலையில் பத்திலொரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்கி உடன் வழங்குக. பசைக்கும் விசிறிக்கும் மின்கலத்துக்கும் அது உதவும். பத்துக் கணினி வழங்கும் பொருளில் ஒன்பது கணினியும் அவற்றுக்குரிய பராமரிப்பும் தருதல் மேலான கொடையாம்.

இரண்டாவது, கணினி அறையில் வெப்பப் பதிவேடு ஒன்று வைக்கப்படுக. வாரத்தின் முதல் நாளில், அறையின் வெப்பநிலையையும், ஒவ்வொரு கணினியும் ஒரே வேலையைப் பத்து நிமிடம் செய்தபின் காட்டும் வெப்பநிலையையும் மாணவரே எழுதுக. எண் பத்துப் பாகை ஏறிய கணினி துப்புரவுக்குரியது. இதனால் மாணவர் விஞ்ஞானத்தையும் ஒழுங்கையும் ஒருங்கே பயில்வர்.

மூன்றாவது, சித்திரை விடுமுறையில், கச்சான் வருமுன், எல்லாக் கணினிகளும் துப்புரவு செய்யப்படுக. கணினித் துறையில் வல்ல பழைய மாணவர் விடுமுறைக்கு ஊர் வரும் காலமும் அதுவே. ஒரு நாளை அவர்கள் கல்லூரிக்குத் தருவாராயின், அருகிருந்து கற்கும் மாணவர் அடுத்த ஆண்டு தாமே செய்வர்.

நான்காவது, மேலே கூறிய முறைகளை ஒரு பக்கத்திலே எளிய தமிழில் எழுதிக் கணினி அறையின் சுவரில் தொங்கவிடுதல் வேண்டும். வீட்டிற் கணினி வைத்திருக்கும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொடுத்தல் வேண்டும். அப்பக்கத்தை எழுதித் தரும் பணியை யாமே ஏற்கின்றோம். விஞ்ஞான ஆசிரியர்கள் பிழைதிருத்தி உதவுவார்களாக.

பொருள் கொடுப்பதிலே நம் பழைய மாணவர் என்றும் பின்னின்றவரல்லர். கொடுத்த பொருளைப் பேணும் கடன் கல்லூரியில் உள்ள எமக்கே பெரிதும் உரியது. அக்கடனை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக. வரும் கச்சான் காலத்தில் நம் கணினி அறைக்கு வருகை தரும் பழைய மாணவர், கணினிகளைப் பார்க்குமுன் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக. விழாக் காணும் நமது கல்லூரி நீடு வாழ்க.